சைக்கிள் ஸ்டாண்டில் கேட்ட மணி

பாபு,

நேற்று மத்தியானம் கவ்யா போன் செய்தாள். உன் மனைவிக்கு என்னிடம் எப்போதும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாவ, ஊட்டா ஆய்தா?" சாப்பாடு ஆயிற்று என்றேன். ஆகவில்லை. காலையில் வாங்கி வந்த இட்லியில் இரண்டு மிச்சம் தட்டில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தனியாக இருக்கிறவனுக்குப் பசி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கொஞ்ச நேரம் மழை, டிராஃபிக் என்று பேசிவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள். "சனிக்கிழமை அவரோட ஃபைட் இருக்கு மாவ. இதுதான் கடைசின்னு சொல்லிட்டார். உங்களுக்கு ஒரு சீட் எடுத்து வச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது. நீங்க பர்த்தீரா?" வருகிறீர்களா என்று கேட்கிறாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். உன் அம்மாவுக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சந்தோஷமாகத் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டாள்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் பேசி ஒரு ஈஸ்டர் போய்க் கிறிஸ்துமஸ் வரப்போகிறது. நீ ஹெப்பகோடியில் இருக்கிறாய், நான் சிவாஜிநகரில் இருக்கிறேன். சவூதிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லாம் வாராவாரம் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரே ஊரில் இருக்கிற நமக்கு அதுகூட இல்லை. முன்பாவது சில்க் போர்டு நெரிசலைச் சாக்கு சொல்லலாம். இப்போது மெட்ரோவும் வந்து அந்தச் சாக்கையும் கெடுத்துவிட்டது.

உன் முதல் சண்டையிலிருந்து தொடங்குகிறேன், கோபிக்காதே. வயதானவன் எதையும் நடுவிலிருந்து சொல்ல மாட்டான். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜில்லாப் போட்டி. ஃபேக்டரி ஷிப்டு போக மற்ற நேரமெல்லாம் நான் பாக்ஸிங் ரெஃப்ரி என்பதே எனக்கு அப்போது பெரிய கிரீடம். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு போ டை. சொந்தக்காரன் சண்டைக்கு ரெஃப்ரி ரிங்கில் ஏறக் கூடாது என்பது விதி. நான் ஏறவில்லை, ஓரமாகத்தான் நின்றேன். நீ ஜெயித்தாய். நியாயமாகத்தான் ஜெயித்தாய். கூட்டத்தில் எவனோ ஒருத்தன் கத்தினான்: "அப்பன் ரெஃப்ரி, புள்ள ஜெயிக்காம என்ன பண்ணுவான்!" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் புரியாமல் சிரித்தாய், பல்லுக்குப் போடுகிற ரப்பர் கார்டை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி உன் சண்டை நடக்கும்போது ஹாலுக்குள்ளேயே இருக்க மாட்டேன் என்று. விதி அப்படிச் சொல்லவில்லை. அதை நானாக விதிக்குமேல் விதியாகச் சேர்த்துக்கொண்டேன். எனக்கு என் பேர் முக்கியமாக இருந்தது.

அப்படித்தான் அந்த சைக்கிள் ஸ்டாண்டு எனக்கு இடமாயிற்று. ஹாலுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு கல் பெஞ்ச். உன் பேரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மணி அடிக்கும். கோழிக் கடை ஜமீல்தான் டைம்கீப்பர், அவன் அடிக்கிற மணி எனக்கு நன்றாகத் தெரியும், சுருக்கென்று ஒரே அடி. கூட்டம் "ஓ" என்று கத்தினால் எவனோ வாங்கிவிட்டான் என்று தெரியும். எவன் என்று தெரியாது. அந்த இடத்தில் உட்கார்ந்து நான் எத்தனை தடவை செத்துப் பிழைத்தேன் என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை. கடைசி மணி அடித்ததும் உன் அம்மா வெளியே ஓடி வருவாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. ஸ்டெல்லாவுக்குக் கடைசிவரை பாக்ஸிங் புரியவில்லை. "நம்ம பையன் நல்லாத்தாங்க ஆடுனான். அந்தப் பையன்தான் ரொம்ப மோசம், அடிச்சிக்கிட்டே இருக்கான்" என்பாள். அவள் சொன்னதிலிருந்து நான்தான் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும், எந்த ரவுண்டில் எந்தக் கை என்று. ஆனால் ஒன்று, அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தே ஜெயமா தோல்வியா என்று தெரிந்துவிடும். உன் சண்டைகள் அத்தனையும் நான் பார்த்தது அவள் முகத்தில்தான்.

ஒரு நாள் உனக்குப் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள், ஞாபகம் இருக்கும். அன்று அவள் வெளியே வந்து என்னைப் பார்த்து அழுதாள். "நடு ரவுண்டுல வாசலப் பாக்குறாங்க அவன். நீங்க வந்து நிக்கிறீங்களான்னு பாக்குறான். அந்த நேரத்துல மத்தவன் அடிச்சிட்டான்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரிங்குல நிக்கிறவனுக்கு வாசல்ல என்ன வேலை?" என்று கத்தினேன். அடுத்த சண்டைக்காவது உள்ளே போய் நின்றேனா? இல்லை. அதே பெஞ்ச். உன் அம்மா அதற்குப் பிறகு என்னைக் கெஞ்சுவதை விட்டுவிட்டாள். கெஞ்சுவதை விட்டுவிட்ட பெண்ணை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், மடையன்.

அவள் கண்ணை மூடிய பிறகு வந்த உன் முதல் சண்டை ஒரு ஹோட்டலில். நீ புரொஃபஷனலாகிப் பல வருஷம் ஆகியிருந்தது, நானும் ரெஃப்ரி வேலையை விட்டுப் பல வருஷம். என்னை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு தூண் ஓரம் நின்றேன். ஏசி ஹால், கனத்த கதவு, உள்ளே பாட்டு வேறு போட்டார்கள். மணி கேட்கவே இல்லை. எத்தனையாவது ரவுண்டு என்றுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "யாருக்கு சார் வெயிட்டிங்?" என்றார். யாருக்காக நிற்கிறேன்? உள்ளே இருக்கிற உனக்காகவா, அந்தக் கதவைத் திறந்துகொண்டு மூச்சு வாங்க வரவேண்டிய அவளுக்காகவா? நீ தோற்றுவிட்டாய் என்பதை அவர் போனில் பார்த்துத்தான் சொன்னார். உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகும் நீ தோற்றாய். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாக்ஸருக்கு வயதானால் முதலில் போவது கால். குத்து வருவது கண்ணுக்குத் தெரியும், நகரு என்று புத்தியும் சொல்லும், கால் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும். அந்தக் கொஞ்சம் போதும், மூக்கு போய்விடும். கையில் இருக்கிற பலம் கடைசியில்தான் போகும். அதனால்தான் வயதானவர்கள் "இன்னும் ஒரு சண்டை, இன்னும் ஒரு சண்டை" என்று ஏமாறுகிறார்கள், கை இருக்கிறதே என்று. உனக்கும் கால் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடு என்றேன். நீ என்னடாவென்றால் இரும்பைத் தூக்க ஆரம்பித்தாய். எங்கள் காலத்தில் வெயிட் தூக்குவது பாவம்போல. தூக்கினால் தோள் இறுகிக் கை மந்தமாகிவிடும் என்பார்கள், நானும் உன்னிடம் அதையே சொல்லித்தான் வளர்த்தேன். கயிறு தாண்டு, ஓடு, தண்டால் எடு, அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில் நீ பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற வீடியோவைக் கவ்யா காட்டியபோது, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று சிரித்தேன். அவள் அதை அப்படியே உன்னிடம் சொல்லியிருப்பாள்.

பிறகு நீ திரும்பி வந்தாய், எல்லார் வாயையும் அடைத்தாய். உன்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது சின்னவர்களை அடித்து உட்கார வைத்தாய். உடம்பு வேறு ஆளுடையதுபோல் ஆகிவிட்டது. கழுத்து தடித்து, தொடை தடித்து. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீடியோவுக்குக் கீழே கண்டவன் எல்லாம் எழுதினான். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் எனக்கு முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோகும். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவன்போல நடந்தேன். ஆனால் ஜமீல் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் கோழிக் கடையில் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அரே, கோச்சுக்காத. பையன் ஏதாச்சும் எடுத்துக்குறானா? இந்த வயசுல இந்த உடம்பு எங்கேர்ந்து வரும்? எல்லாரும் பேசுறாங்க, அதான் கேட்டேன்" என்றான். "உன் கடைக் கோழிக்குத்தான்டா ஊசி போடுறாங்க, என் பையனுக்கு இல்ல!" என்று கத்திவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கடையில் கறி வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் எனக்கு என்று மிச்சமிருந்த ஒரே ஒருத்தன் அவன். அவனையும் அன்றோடு விட்டேன்.

இத்தனை ரோஷமாக வந்தவன் அன்று சாயந்திரமே என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். உனக்குப் போன் போட்டேன். "ஏன்டா, ஊர்ல ஏதோ மருந்து, ஊசின்னு பேசுறாங்களே" என்றேன். நீ அமைதியாகத்தான் கேட்டாய்: "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" நான் சொன்ன பதில் இப்போதும் என் காதிலேயே இருக்கிறது. "நான் நெனைக்கிறதுல என்ன இருக்கு? டெஸ்ட் எடுக்கட்டும், ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாக்கலாம்." அப்போது நீ சொன்னாய்: "நான் ரெஃப்ரியக் கேக்கலப்பா. உங்களக் கேட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். ஜமீல் கேட்ட கேள்விக்கு அவன்மேல் பாய்ந்தேன், அதே கேள்வியைச் சுமந்துகொண்டு உன்னிடம் வந்தேன். அவனாவது நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

மறுபடி போன் செய்யக் கை வரவில்லை. வீட்டில் யாரிடம் கேட்பது? உன் அம்மா இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால், கை, தூரம். அந்த வீடியோக்களை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன்! அடிக்கிறதற்கு முன்னால் உன் இடது கால் அரை அடி உள்ளே வருகிறது, இடுப்பு திரும்புகிறது, அப்புறம்தான் வலது கை. அந்த அரை அடி நம் வீட்டு நடையில், சிவப்புத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நான் சொல்லிக்கொடுத்தது. எந்த மருந்துக் கடையிலும் அதை விற்க மாட்டார்கள். முதலில் இதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன், இதோ அத்தாட்சி என்று. அப்புறம் என்னுள்ளே இருக்கிற ரெஃப்ரி சும்மா இருப்பானா? மருந்து அடியைக் கற்றுத் தராது, ஆனால் இந்த வயதில் கால் நேரத்துக்கு வந்து சேர உதவலாமே என்றான். திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். தூக்கம் வராமல் இந்த இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றி எனக்கு நானே பேசிக்கொண்டு கிடந்தேன்.

நீ போன வருஷம் என் பிறந்த நாளுக்கு ஒரு ஜோடி டம்பெல்ஸ் அனுப்பினாயே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வயதானால் தொடைச் சதை கரையும், கொஞ்சம் பாரம் தூக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நீ வாங்கி அனுப்பியது. நான் அவற்றை வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். நீ போனை வைத்த மறுநாள், யார்மேல் கோபம் என்று தெரியாத ஒரு கோபத்தில் அவற்றை எடுத்துத் தூக்கினேன். நாலு தூக்கில் மூச்சு முட்டியது. மறுநாளும் தூக்கினேன். வீம்புதான், வேறென்ன. அணைத்து வைத்த டிவியில் என் உருவமே தெரியும், ஒரு கிழவன் இரும்போடு மல்லுக்கட்டுவான். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழவும் செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பாபு, கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். மாடிக்குத் துணி காயப்போட நடுவில் நிற்காமல் ஏறினேன். எழுபதைத் தாண்டிய எனக்கு, ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் தின்கிற எனக்கே, இரும்பு இவ்வளவு செய்யுமென்றால் உனக்கு என்ன செய்யாது? மொட்டை மாடியில் ஈரத் துணியோடு நின்றுகொண்டு அழுதேன். இதைச் சொல்லிச் சிரிக்கவும் ஒருத்தர் இல்லை.

இதனால் உன் விஷயம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் தொடை உனக்குச் சாட்சி ஆகாது. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நீ எடுத்திருந்தால், அது சின்னத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டப்பந்தயத்தில் ஏமாற்றினால் ஒருத்தனுக்குப் பதக்கம் போகும். இங்கே எதிரில் நிற்கிறவனுக்கு மண்டை போகும். அவனுக்கும் வெளியே ஒருத்தி முந்தானையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். உன் இதயத்துக்கும் அது நல்லதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் ரிங்கில் ஏறாதே, நேரே வீட்டுக்கு வா. கத்துவேன், நிச்சயம் கத்துவேன். கத்திவிட்டுச் சோறு போடுவேன். அந்தச் செய்தி வெளியே வருகிற நாளில் உன் பக்கத்தில் உட்காருவேன். இல்லை என்றால் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள். திட்டுவதற்கு உனக்கு உரிமை உண்டு.

நேற்றுப் போனை வைப்பதற்கு முன்னால் கவ்யா இன்னொன்றும் சொன்னாள். "இந்த வாட்டி அவரே போய்க் கேட்டு மருந்து டெஸ்டுக்கு சாம்பிள் குடுத்துட்டார் மாவ. யாரும் கேக்கல. ரிசல்ட் சண்டை முடிஞ்சுதான் வரும், நாளாகும்." அவள் வைத்த பிறகு அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சண்டை முடிந்துதான் வரும். அப்படியானால் சனிக்கிழமை அந்த ஹாலில் இருக்கிற ஒருத்தருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. தெரியாமல்தான் வந்து உட்காரப் போகிறார்கள். நான் ரிசல்ட் வந்த பிறகு, கையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எனக்கு அப்பவே தெரியும்" என்று உன் வீட்டுப் படி ஏறினால் என் மூஞ்சியில் நீ கதவைச் சாத்தலாம். வருவதானால் அதற்கு முன்னால் வரவேண்டும். நீ அன்று கேட்டதற்கு என் பதில் இதுதான்: நம்புகிறேன். ரிசல்ட்டுக்கு முன்னால் சொல்கிறேன். தப்பாகப் போனால் ஏமாந்த அப்பன் என்று ஊர் சிரிக்கட்டும். என் பேரை இத்தனை வருஷம் காப்பாற்றி நான் என்ன கண்டேன்? காலி வீடும் இரண்டு இட்லியும்தான்.

இன்று காலை ஜமீல் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். "அன்னிக்கு நான் பேசினது தப்புடா" என்றேன். "கோழிக்கு ஊசின்னு சொன்னியே, அந்தக் கோழியத்தானே ரே இத்தனை வருஷமா தின்னுட்டிருக்க?" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். சனிக்கிழமை கூட வா என்றேன், வார முடிவில் கடையை விட முடியாது என்று தலையாட்டினான். அதனால் தனியாகத்தான் வருகிறேன். கவ்யா நாளைக்கு இங்கே துணி எடுக்க வருவாளாம், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். சண்டைக்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும் என்றும் சொல்லப் போகிறேன்.

ஜெயித்தாலும் தோற்றாலும் இது கடைசி என்று நீ சொன்னதை மட்டும் காப்பாற்று. இன்னும் பலம் இருக்கிறதே என்று கை உன்னிடம் வந்து நயமாகப் பேசும், கேட்காதே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரமாட்டேன், பயப்படாதே. உன் அம்மா எடுத்துக் கொடுத்து நான் ஒரு நாளும் போடாத அந்த நீலக் கட்டம்போட்ட சட்டை இருக்கிறது. கவ்யாவுக்குப் பக்கத்து நாற்காலி, உன் மூலைக்கு நேர் பின்னால். கத்தத் தெரியாது எனக்கு. எந்தப் பக்கமும் சாயாமல் நின்று பழகியவன், எப்படிக் கத்துவது என்று அங்கே வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மணி அடித்த பிறகு வாசலைப் பார்க்காதே பாபு, அடி வாங்குவாய். நான் உள்ளேதான் இருப்பேன்.

அப்பா